அடியெடுத்துக் கொடுத்தவர்: பீட் சீகரின் வாழ்வும் கலையும்

'அடியெடுத்துக் கொடுத்தல்' என்பது தமிழில் பெருமைக்குரிய சொல்லாட்சி. தில்லைக் கூத்தனே முதற்சொல்லை எடுத்துக் கொடுக்க, சேக்கிழார் பெரிய புராணத்தைப் பாடினார் என்பது சைவ மரபு. நடவு வயலில் மூத்த பெண் ஒருத்தி முதலடியைப் பாட, வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள் அதை வாங்கிப் பாடுவதும், வில்லுப்பாட்டுப் புலவர் சொல்வதைப் பின்பாட்டுக்காரர்கள் ஏற்றுத் தொடர்வதும் இதன் எளிய வடிவங்களே. அடியெடுத்துக் கொடுப்பவர் பாட்டைத் தமக்கென வைத்துக் கொள்வதில்லை. தொடங்கி வைத்துவிட்டு ஒதுங்கிக் கொள்கிறார். பாட்டு மற்றவர் வாயில் வளர்கிறது.

இந்த ஒதுங்குதலையே வாழ்நாள் கலையாக வளர்த்தவர் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர். ஐந்து நரம்புப் பேஞ்சோ ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராகச் சென்று பாடிய அவர், 2014 சனவரி 27 அன்று தமது 94ஆம் வயதில் மறைந்தார். அவருடைய குரல் மெலிந்த குரல். முதுமையில் அதுவும் தேய்ந்துபோயிற்று. அவரினும் சிறந்த பாடகர்களும், அவரினும் ஆழமான பாடலாசிரியர்களும் அவருடைய காலத்திலேயே பலர் இருந்தனர். அப்படியிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் மக்கள் இசையைப் பற்றிப் பேசுவோர் எவரும் அவரைத் தவிர்த்துவிட்டுப் பேச இயலவில்லை. அவருடைய சிறப்பு எதில் அடங்கியிருக்கிறது? அதன் எல்லை எது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

'நமக்கும் இந்த அமெரிக்கருக்கும் என்ன தொடர்பு?' என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு உண்டு. வெற்றி நம்முடையதே என்று நம்பிக்கை ஊட்டும் அந்த ஆங்கிலப் பாடலை நம் பள்ளிகளிலும் இளையோர் கூட்டங்களிலும் பாடாதவர் அரிது. இந்தியில் கிரிஜா குமார் மாத்தூர் ஆக்கிய வடிவமும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அப்பாடல் உலகெங்கும் பரவக் காரணமானவர்களுள் முதன்மையானவர் சீகர். விவிலியத்தின் சபை உரையாளர் நூலிலிருந்து ஓர் அதிகாரத்தை எடுத்துத் தெருவில் போவோர் வாயிலும் ஒலிக்கச் செய்தவரும் அவரே. 1963-64ஆம் ஆண்டுகளில் குடும்பத்தோடு மேற்கொண்ட உலகப் பயணத்தில் இந்தியாவுக்கும் வந்து, கல்கத்தாவில் மக்கள் முன் பாடிச் சென்றார்.

நாடோடியான வாழ்வு

1919 மே 3 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார் சீகர். தந்தை சார்லஸ் சீகர் இசையியல் அறிஞர். தாய் கான்ஸ்டன்ஸ் வயலின் கலைஞர். ஏட்டிசை நிறைந்த அந்த வீட்டுப் பிள்ளையின் வாழ்வைத் திசை திருப்பியது 1936இல் தந்தையோடு சென்ற ஒரு விழா. வட கரோலினா மாநிலத்தின் ஆஷ்வில் நகரில் மலைநாட்டு மக்கள் ஐந்து நரம்புப் பேஞ்சோவை மீட்டிப் பாடுவதை அங்கே கேட்டார். 1938இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டார். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்துவந்த ஆலன் லோமாக்சிடம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பாடல் காப்பகத்தில் உதவியாளரானார். 1940இல் ஊர்சுற்றிப் பாடகரான உடி கத்ரியைச் சந்தித்து, அவரோடு நாட்டின் குறுக்கே பயணம் செய்தார். சரக்கு வண்டிகளில் ஏறிப் போகவும், கிடைத்த இடத்தில் பாடி உணவு தேடவும் அந்த நாள்களில் கற்றுக்கொண்டார்.

1948இல் நண்பர் மூவருடன் 'வீவர்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். நெசவாளர்கள் என்பது அப்பெயரின் பொருள். 1950இல் அவர்கள் பாடிய 'குட்நைட் ஐரீன்' தொடர்ந்து பதின்மூன்று வாரங்கள் அமெரிக்காவில் முதலிடம் வகித்தது. அப்பாடலை அவர்களுக்குத் தந்த கறுப்பினப் பாடகர் லெட்பெல்லியோ, அதற்கு முந்திய ஆண்டின் திசம்பரிலேயே வறுமையில் இறந்துபோயிருந்தார். இந்தச் செய்தியை வாசகர் நினைவில் இருத்த வேண்டும். இதன் நிழல் பின்னும் வரும்.

புகழ் நீடிக்கவில்லை. சீகர் இளமையில் கம்யூனிஸ்டுக் கட்சியின் உறுப்பினராக இருந்தவர். 1950 வாக்கில் விலகிவிட்டார். ஆயினும் பனிப்போர்க் காலத்து அச்சம் அவரை விடவில்லை. 1955 ஆகஸ்டு 18 அன்று நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரை அழைத்தது. தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையைக் காட்டி அவர் எளிதில் தப்பியிருக்கலாம். அவ்வழியை அவர் நாடவில்லை. தம் நம்பிக்கைகளையும் தோழமைகளையும் பற்றி எந்த அமெரிக்கரிடமும் இவ்வாறு கேட்பதே முறையன்று என்று மறுத்தார். வேண்டுமானால் தம் பாடல்களைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னார். 1957இல் குற்றம் சாட்டப்பட்டு, 1961இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 1962இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது.

பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் 1967 வரை அவருக்குக் கதவடைத்தன. கதவடைத்தவர்கள் தாம் செய்தது இன்னதென்று அறியவில்லை. அரங்குகள் மறுக்கப்பட்டதால் அவர் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஆலயக் கூடங்களுக்கும் சிறுவர் முகாம்களுக்கும் போனார். சிறு தொகைக்குப் பாடினார். அங்கு அவர் பாடக் கேட்ட பிள்ளைகளே 1960களில் பாடகர்களாகவும் போராளிகளாகவும் எழுந்தனர். 1954இல் அவர் பாடியதைக் கேட்ட பதின்மூன்று வயதுச் சிறுமி ஜோன் பேயஸ் அவர்களுள் ஒருவர். துன்புறுத்தலால் சிதறுண்ட தொடக்கத் திருச்சபையினர் சென்ற இடமெல்லாம் நற்செய்தி அறிவித்ததைத் திருத்தூதர் பணிகள் நூலில் படித்த நமக்கு, விலக்கப்பட்டவரின் விதை பரவலாக விழுவது புதுச் செய்தியன்று.

இப்பயண வாழ்வுக்கு ஒரு விலையும் இருந்தது. அதில் பெரும்பகுதியைச் செலுத்தியவர் அவர் மனைவி டோஷி. 1943இல் மணந்தது முதல் 2013இல் இறக்கும் வரை பயணத் திட்டங்களையும் கணக்குகளையும் குடும்பத்தையும் தாங்கியவர் அவர். நாடோடியின் புகழைப் பாடும்போது, அவன் திரும்பி வரும் வீட்டைக் காத்தவரையும் சேர்த்தே பாடுவது நேர்மை.

கருவியின் கதை

நம் நாட்டில் 'பேஞ்சோ' என்று பலர் அழைப்பது, பொத்தான்களை அழுத்தி மீட்டும் புல்புல்தாராவை. ஜப்பானில் 1912இல் பிறந்த ஒரு கருவியின் வழிவந்தது அது. சீகரின் பேஞ்சோ வேறு. அதன் மூதாதை, மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையின்மேல் தோல் போர்த்தி, கழி ஒன்றைச் செருகி, நரம்பு கட்டிய கருவி. அடிமைகளாகக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் அந்தக் கருவியின் நினைவைத் தங்களோடு கொண்டு சென்று, புதிய மண்ணில் மீண்டும் செய்துகொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பு மக்களைக் கேலி செய்யும் மேடைகளில் இதே கருவியை மீட்டினர். அழுதவனின் கருவி, அவனைப் பழிப்பவனின் விளையாட்டுப் பொருளாயிற்று. உழைக்கும் மக்களின் இசையே அவர்களை இழிவுபடுத்தும் அடையாளமாக ஆக்கப்பட்ட வரலாற்றைப் பறையை வைத்து நாம் நன்கறிவோம்.

அக்கருவியின் ஐந்தாம் நரம்பு ஏனைய நான்கினும் குட்டையானது. கழுத்தின் நடுவிலிருந்தே தொடங்கி, கட்டைவிரலால் மீட்டப்பட்டு, ஒரே சுரத்தை விடாது ஒலிக்கும். நாதசுரத்துக்கு ஒத்துப் போல அது ஏனைய நரம்புகளுக்குத் துணை. தன் புகழை நாடாமல் பிறருக்குச் சுருதி காட்டும் அந்தச் சிறு நரம்பே சீகரின் கலைக்குப் பொருத்தமான உருவகம் என்று எனக்குப் படுகிறது.

அவருடைய தோழர் உடி கத்ரி தம் கித்தாரில், இக்கருவி பாசிசவாதிகளைக் கொல்லும் என்ற பொருள்பட எழுதி வைத்திருந்தார். சீகர் தம் பேஞ்சோவின் தோலைச் சுற்றி, இக்கருவி வெறுப்பைச் சூழ்ந்துகொண்டு அதைச் சரணடையச் செய்யும் என்ற பொருள்பட எழுதினார். கொல்வதற்கும் சூழ்வதற்கும் உள்ள தொலைவு பெரிது. சூழ்வதற்கு ஒருவர் போதாது; பலர் கைகோத்து நிற்க வேண்டும்.

'நான்' என்பது 'நாம்' ஆன பாட்டு

சீகரின் கலையை அறிய விரும்புவோர் 1963 சூன் 8 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அவர் பாடிய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும். அதில் நாம் கேட்பது ஒருவர் குரலையன்று. அடுத்த அடியை மக்கள் மறந்துவிடாதபடி அவர் சட்டென்று அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். கூட்டம் அதை வாங்கிப் பாடுகிறது. மேற்சுருதியில் பாடுமாறு சிலரை அழைக்கிறார். தாழ்சுருதியை வேறு சிலருக்குத் தருகிறார். கூட்டம் உறுதியாகப் பாடத் தொடங்கியதும் அவர் குரல் அதில் கரைந்துவிடுகிறது. கலைஞன் மறைவதே கலையின் நிறைவாகும் அரிய இடம் அது.

அன்று அவர்கள் பாடிய விடுதலைப் பாடலின் வரலாறு நமக்கு உரியது. அது ஒரு ஆலயப் பாடலாகப் பிறந்தது. பிலடெல்பியாவில் பணிபுரிந்த மெதடிஸ்டு போதகர் சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாடலில், 'நான்' ஒரு நாள் வெல்வேன் என்று தனிமனிதன் பாடினான். 1945-46இல் சார்ல்ஸ்டன் நகரில் வேலை நிறுத்தம் செய்த புகையிலை ஆலைத் தொழிலாளர்கள் இதனோடு உறவுடைய பாடல் ஒன்றை மறியலில் பாடினர். பெரும்பாலும் கறுப்பினப் பெண்களான அவர்கள் வாயில் 'நான்' என்பது 'நாம்' ஆயிற்று. ஹைலாண்டர் என்ற தொழிலாளர் கல்விக்கூடத்தில் சில்பியா ஹார்ட்டன் அதைக் கற்றார், அவரிடமிருந்து சீகர் கற்றார், ஒரு சொல்லை மாற்றினார், அடிகளைச் சேர்த்தார், நாடெங்கும் கொண்டு சென்றார். 1957இல் அக்கல்விக்கூட விழாவில் சீகர் இதைப் பாடியபோது மார்ட்டின் லூதர் கிங் கேட்டார். 1960இல் கை காரவன் என்ற பாடகர் மாணவர் மாநாடு ஒன்றில் பாட, அது கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கே உரிய பாடலாயிற்று. 1965 மார்ச் 15 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் நாடாளுமன்றத்தில் அதன் சொற்களையே தம் உரையில் எடுத்தாண்டார்.

ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைச் சொல் கேட்பவரைச் சேர்க்கிறதா விலக்குகிறதா என்பதைச் சொல்லாது. தமிழ் இந்த இடத்தில் நுட்பமானது. 'நாங்கள்' என்றால் எதிரே இருப்பவர் வெளியே நிற்கிறார். 'நாம்' என்றால் உள்ளே வந்துவிடுகிறார். போராட்டப் பாடல்களுள் பெரும்பாலானவை 'நாங்கள்' என்று பாடுகின்றன. அதற்குக் காரணங்களும் உண்டு. சீகர் தம் பாட்டைப் பாடிய முறையை நோக்கினால் அவருடைய சொல் 'நாம்' என்பதில் ஐயமில்லை. கேட்பவர், அருகில் நிற்கும் அந்நியர், வாய்ப்பிருந்தால் வாயிலில் நிற்கும் காவலர் ஆகிய எல்லாரையும் உள்ளிழுக்கும் 'நாம்' அது. அவர் கலையின் உயிர்நிலை இதுவே என்பேன். பிறர் புகுவதற்கு இடம் விட்டே அவர் பாடினார்.

இதே பண்பைப் போரின் வீணை எண்ணி மலர்கள் எங்கே போயின என்று வினவும் அவருடைய பாடலிலும் காண்கிறோம். ருசிய எழுத்தாளர் ஷோலகவின் புதினத்தில் கண்ட ஒரு கொசாக்குப் பாட்டின் சில அடிகளே அதற்கு வித்து. 1955இல் சீகர் எழுதியது மூன்று அடிகள் மட்டுமே. பின்னர் ஜோ ஹிக்கர்சன் என்ற இளைஞர் மேலும் அடிகளைச் சேர்த்து, முடிவைத் தொடக்கத்தோடு இணைத்து வட்டமாக்கினார். சீகர் அதனை மகிழ்வோடு ஏற்று, உரிமைத் தொகையிலும் அவருக்குப் பங்களித்தார்.

சபை உரையாளரும் சீகரும்

எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு என்னும் சபை உரையாளர் நூலின் மூன்றாம் அதிகாரத்துக்கு 1950களின் இறுதியில் சீகர் மெட்டமைத்தார். 1965இல் 'பேர்ட்ஸ்' என்ற குழு அதைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. சொற்கள் ஏறத்தாழ முழுவதும் விவிலியத்துக்கு உரியவை. பாடலாசிரியர் செய்தது என்ன என்று நுணுகிப் பார்ப்பது பயன் தரும்.

மூல நூலில் பதினான்கு இணைகள் உள்ளன. சீகர் அவற்றின் வரிசையை மாற்றினார். மூலத்தில் அழுகை முன்னும் சிரிப்பு பின்னும் வர, பாட்டில் ஓசை நயம் கருதி அவை இடம் மாறின. போரும் அமைதியும் பாட்டின் நடுவில் ஒருமுறை இணையாக வருகின்றன. இறுதியிலோ அமைதி மட்டும் போர் என்ற இணையின்றித் தனியே வருகிறது. அதன்பின் காலம் இன்னும் கடந்துவிடவில்லை என்று ஆணையிடும் ஒரு சிறு தொடரைச் சீகர் சேர்த்தார். பாட்டில் பெரிதும் அவருடையது இத்தொடர்தான். ஆனால் பாட்டின் பொருளையே இது மாற்றிவிடுகிறது. சபை உரையாளர் உலகை உற்று நோக்கும் ஞானி. காலங்கள் மனிதன் கையில் இல்லை என்பது அவர் கண்ட உண்மை. சீகரோ அந்த நோக்குதலை வேண்டுகோளாகவும் உறுதிமொழியாகவும் மாற்றினார். ஞானியின் நூல் இறைவாக்கினரின் குரலைப் பெற்றது.

இது விவிலியத்தைத் திரிப்பதாகுமா? நான் அவ்வாறு கருதவில்லை. திருச்சபையின் வழிபாடும் விவிலியத்தை வாசித்ததோடு நின்றுவிடாமல், அதற்குப் பதிலுரையும் பாடுகிறது. சீகரின் அந்தச் சிறு தொடர் ஒரு பதிலுரைப் பாடல் போன்றது. ஆயினும் இரண்டு இழப்புகளைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, அவர் விட்டுவிட்ட இணைகளுள் பேசாதிருப்பதற்கும் பேசுவதற்கும் உரிய காலங்கள் அடங்கும். விசாரணைக் குழுவின் முன் பேச மறுத்து அதற்காகத் தண்டனை பெற்ற ஒருவரின் பாட்டில் அந்த இணை இல்லாதது வியப்பளிக்கிறது. மற்றொன்று, அவர் எட்டாம் வசனத்தோடு நிறுத்திக் கொண்டார். அடுத்த வசனத்தில்தான், உழைப்பவனுக்கு அவனது உழைப்பால் வரும் பயன் என்ன என்ற கூரிய வினா வருகிறது. கடவுளின் செயலைத் தொடக்கமுதல் இறுதிவரை மனிதனால் கண்டறிய முடியாது என்ற தாழ்மையும் அதையடுத்தே வருகிறது. தொழிலாளருக்காக வாழ்ந்த பாடகர் அந்த வினாவைப் பாட்டில் சேர்த்திருந்தால் பாட்டு இன்னும் ஆழம் பெற்றிருக்கும். கூட்டம் எளிதாகப் பாட வேண்டும் என்ற நோக்கம் சில நேரங்களில் கடினமான வினாக்களை ஒதுக்கிவிடுகிறது.

புகழுக்கு அப்பால்

இங்கிருந்து சீகரின் எல்லைகளுக்கு வருவோம். எல்லாரையும் சேர்த்துப் பாடும் கலைக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. அவர் இரண்டையும் சந்தித்தார்.

முதலாவது, கூட்டத்தின் பாட்டு கூட்டத்தின் கண்ணை மறைப்பது. 1941 மே மாதத்தில் அவர் சேர்ந்திருந்த 'அல்மனாக்' குழு போர் எதிர்ப்புப் பாடல் தொகுப்பொன்றை வெளியிட்டது. சூன் 22 அன்று ஹிட்லரின் படைகள் சோவியத் நாட்டுக்குள் புகுந்தன. கட்சியின் நிலை மாறியது. தொகுப்பு திரும்பப் பெறப்பட்டது. விரைவில் அதே குழு போர் ஆதரவுப் பாடல்களைப் பாடியது. ஸ்டாலினின் கொடுமைகளைப் பற்றி அவர் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. 1990களில் தம் நூலில் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2007இல் ஸ்டாலினைக் கண்டித்து ஒரு பாடலும் எழுதினார். அந்த நேர்மை போற்றத்தக்கது. ஆனால் சிறைக்கு அஞ்சாத ஒருவர் தம் தோழர்களின் தவறுக்கு எதிராகப் பேச அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டார் என்பதையும் மறைப்பதற்கில்லை. எதிரியை எதிர்த்துப் பாடுவதினும் தன் கூட்டத்தாரைக் கடிந்து பாடுவது கடினம். எரேமியாவுக்கு இது தெரியும்.

இரண்டாவது, பாட்டு எல்லாருக்கும் சொந்தம் என்று சொல்லும்போது, அதைப் பெற்றெடுத்தவர் பசியோடு இருந்துவிடுவது. 1939இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் சூலு இனப் பாடகர் சாலமன் லிண்டா 'ம்புபே' என்ற பாடலைப் பதிவு செய்தார். 'சிங்கம்' என்பது அச்சொல்லின் பொருள். அந்த இசைத்தட்டைக் கேட்டெழுதிய சீகர், பல்லவிச் சொல்லைத் தவறாகச் செவியேற்று 'விமோவே' என்று எழுதினார். வீவர்ஸ் குழு பாடிப் புகழ் பெற்றது. பிறர் அதற்கு ஆங்கிலச் சொற்கள் இட்டனர். அது 1994இல் 'லயன் கிங்' திரைப்படம் வரை சென்றது. லிண்டா 1962இல் ஏழையாக இறந்தார். சீகர் தம் பங்கு லிண்டாவுக்கே போகட்டும் என்று பதிப்பாளரிடம் சொன்னார். ஆயிரம் டாலர் காசோலை ஒன்றையும் அனுப்பினார். ஆனால் பணம் உண்மையிலேயே போய்ச் சேர்கிறதா என்று தொடர்ந்து கவனிக்கவில்லை. அதற்காகப் பின்னர் வருந்தினார். லிண்டாவின் மக்கள் வழக்காடி, 2006இல்தான் உடன்பாடு கண்டனர். நல்லெண்ணம் நீதிக்கு ஈடாகாது என்பதே இக்கதை தரும் பாடம். விடுதலைப் பாடலில் வந்த உரிமைத் தொகையைச் சீகரும் நண்பர்களும் கறுப்பின மக்களின் பணிகளுக்கென ஹைலாண்டர் வழியாக ஒரு நிதியாக்கினர் என்பதை இதனோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

இக்குறைகள் அவர் சிறப்புக்குப் புறம்பானவை அல்ல. அச்சிறப்பு விழ வைத்த நிழல்கள். எல்லைகளை அழித்துப் பாடுபவர், அழிக்கக் கூடாத எல்லைகளையும் சில வேளை அழித்துவிடுகிறார்.

நம் மண்ணின் உடன்பிறப்புகள்

சீகரை மதிப்பிடும் தமிழர் இருவரை மறக்கலாகாது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடும் தம் தம்பியரோடும் பொதுவுடைமை இயக்க மேடைகள்தோறும் பாடித் திரிந்தவர். 1958ஆம் ஆண்டின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே அவர் பாடியது இன்றும் பேசப்படுகிறது. 1973இல் அவர் மறைந்தார். 1976இல் 'அன்னக்கிளி' வழியாக அவர் தம்பி இளையராஜா திரையிசைக்குள் கொண்டுவந்த மண்வாசனைக்கு, அந்த ஊர்வழிப் பயணங்களும் ஒரு பள்ளிக்கூடமாய் இருந்தன. அண்ணன் ஊர் ஊராக விதைத்ததை நாடு தம்பியின் வழியே அறுவடை செய்தது.

மற்றவர், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தென்னிந்தியத் திருச்சபை ஆயர் தியோபிலஸ் அப்பாவு (1940-2005). 'பரட்டை' என்ற பெயரால் அறியப்பட்டவர். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளே ஆலயத்துக்கு ஏற்றவை என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில், சிற்றூர் மக்களின் மெட்டுகளில் வழிபாடு அமைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்ணும் குடும்பமாகத் திருச்சபையைக் கண்டார். நாட்டுப்புற இசையின் வலிமை, பாடுபவர் அதைத் தமக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்பதே என்று அவர் நம்பினார். ஒடுக்கப்பட்ட மக்கள் கேட்டு வணங்குவோராக மட்டும் இருந்தால் போதாது; பாட்டை ஆக்குவோராக வேண்டும் என்பது அவர் வேட்கை. சீகர் கூட்டத்துக்கு அடியெடுத்துக் கொடுத்தார்; அப்பாவு அடியை எடுக்கும் உரிமையையே மக்களிடம் தந்தார். இந்த இடத்தில் நம் தமிழர் ஒரு படி மேலே நிற்கிறார் என்பது என் துணிபு.

நாம் பாடுகிறோமா?

சீகர் கார்னகி அரங்கில் பாடிய அதே 1963ஆம் ஆண்டு, திசம்பர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. இறைமக்கள் வழிபாட்டில் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கேற்பது அவர்களுடைய திருமுழுக்கால் வந்த உரிமையும் கடமையும் என்று அது கற்பித்தது. மக்கள் பாடுவதை வளர்க்குமாறும், அந்தந்த மக்களின் இசை மரபுகளை மதிக்குமாறும் அது கேட்டுக்கொண்டது. சீகருக்கும் சங்கத் தந்தையர்க்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இருப்பினும் இருவரும் தொட்டது ஒரே உண்மையை: பாடும் உரிமை சிலருக்கு மட்டும் உரியதன்று.

அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. கள்ளிக்குப்பம் போன்ற புறநகர்ப் பங்குகளை எண்ணிப் பார்ப்போம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை நம்பித் தெற்கு மாவட்டங்களிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் இங்கே ஒரே இருக்கையில் அமர்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊரின் மெட்டு நினைவில் இருக்கிறது. அவர்களை ஒரு 'நாம்' ஆக்கப் பாட்டைவிட நல்ல கருவி வேறில்லை. ஆனால் மின்னணு விசைப்பலகையும் ஒலிபெருக்கியும் முழங்கும் பல ஆலயங்களில் பாடற்குழு பாடுகிறது, மக்கள் கேட்கிறார்கள். பாடற்குழுவினரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அவர்கள் வாரந்தோறும் தரும் நேரம் பெரிய காணிக்கை. ஆனால் புதுப் பாடல்கள் வாரந்தோறும் மாறி, மெட்டுகள் கடினமாகி, சுருதி உயர்ந்துகொண்டே போனால், முதிய தாய் வாய்மூடி நிற்பதைத் தவிர வேறு என்ன செய்வார்? 1965இல் நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் மின்கித்தாரோடு பாடியபோது சீகர் சினந்தார் என்பது பெயர் பெற்ற நிகழ்ச்சி. மின்கருவியை வெறுத்ததால் அன்று, இரைச்சலில் சொற்கள் கேட்கவில்லை என்பதால்தான் சினந்ததாக அவரே பின்னர் விளக்கினார். சொல் கேட்காத இடத்தில் பதில் பாட முடியாது.

மக்கள் சேர்ந்து பாடுவது ஆலயத்துக்குள் முடிந்துவிடுவதுமில்லை. மாசுபட்ட ஹட்சன் ஆற்றைக் காக்க, சீகரும் நண்பர்களும் பாடிப் பாடிப் பணம் திரட்டி, 'கிளியர்வாட்டர்' என்ற பாய்மரப் படகைக் கட்டி 1969இல் மிதக்கவிட்டனர். ஊர் ஊராகக் கரையோர மக்களை அதில் ஏற்றி, ஆற்றைக் கண்ணால் காணச் செய்தனர். நீரைக் கெடுத்தவர்களைத் தட்டிக் கேட்கும் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. நமக்கு அருகிலுள்ள கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து, அப்பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். ஞாயிறன்று ஒரே குரலில் பாடப் பழகியவர்கள் திங்களன்று ஒரே குரலில் கேட்கவும் பழகுவார்கள். சேர்ந்து பாடுவது குடிமக்களாய் வாழ்வதற்கும் ஒரு பயிற்சியே.

2009 சனவரி 18 அன்று, ஒபாமா குடியரசுத் தலைவராகப் பதவியேற்கும் முன், லிங்கன் நினைவகத்தின் படிகளில் எண்பத்தொன்பது வயதுச் சீகர் நின்றார். அன்றும் ஒவ்வோர் அடியையும் முன்கூட்டிச் சொல்லி, பெருந்திரளைப் பாட வைத்தார். தம் குரல் தேய்ந்துவிட்டதை அவர் பொருட்படுத்தவில்லை. பாட ஆள் இருந்தது.

கலைஞனை அவன் விட்டுச் சென்ற படைப்புகளால் அளப்பது வழக்கம். சீகரை அளக்க அந்தக் கோல் போதாது. அவர் வாய் மூடியபின் எத்தனை பேர் பாடினார்கள் என்பதே அவருக்கு ஏற்ற கோல். போதகருக்கும் பாடற்குழுவுக்கும் அன்பியத் தலைவருக்கும் அதே கோல் பொருந்தும். அடுத்த ஞாயிறு பலிபீடத்தின் முன் முதலடி எழும்போது, அன்பு வாசகரே, அதை வாங்கிப் பாட உங்கள் வாய் திறக்குமா?